முதற் கோப்பை யாருக்கு?

ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு சிறிய கொட்டில். அதில் ஓர் ஆடும் இரண்டு குட்டிகளும் நின்றன. குட்டிகள் குடித்தது போக விடியற்காலையில் கறந்த பால் அரைப் போத்தல் அளவில் ஒரு செம்பில் இருந்தது. அது கடைக்குப் போகக் காத்திருந்தது. அந்த வீட்டின் மூன்று வயதுப் பிள்ளையின் கையிலோ சீனி போட்ட சாயத் தேத்தண்ணி.

"பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டோம்.

"கொடுக்கலாம் சாமி. ஆனா பால் காசுலதானே கடைக் கடனைக் கழிக்கிறோம். அதோட ஆட்டுப்பால் வீச்சம், பிள்ளை துப்பிடுது" என்றார் தாய்.

அந்தத் தாய் சொன்னதில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று கடன். மற்றது சுவை. இரண்டாவதைத் தாயின் அடுப்பங்கரையிலேயே தீர்த்துவிடலாம். முதலாவது அவரால் மட்டும் தீரக்கூடியதன்று. இவ்விரண்டையும் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். பெருந்தோட்டப் பகுதியில் மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 32. ஏறக்குறைய இரு மடங்கு. நாட்டின் அந்நியச் செலாவணியை இருநூறு ஆண்டுகளாக முதுகில் சுமந்த மக்களின் பிள்ளைகளில் மூவரில் ஒருவர் வளர வேண்டிய அளவு வளரவில்லை. 2023இல் மலையகம் 200 என்று நினைவு கூர்ந்தோம், நடைபவனி சென்றோம், மேடைகளில் பேசினோம். இந்தக் கணக்கையும் அங்கே உரத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பால் என்றால் நம் மக்களுக்கு நினைவில் வருவது பெட்டிப் பால்மா. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் இறக்குமதிப் பால்மா மலையகத்தின் மூலைக்கடை வரை ஏறி வந்தது. பசு கட்டிய வீட்டிலும் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றிவிட்டுப் பால்மா வாங்கும் பழக்கம் வேரூன்றியது. அதன் விலையை 2021, 2022ஆம் ஆண்டுகளில் கொடுத்தோம். 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பைக்கற் 2022 மார்ச்சில் 790 ரூபாவாகியது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதுவும் 2021 மார்ச்சில்தான், பல ஆண்டுப் போராட்டத்தின் பின், கிடைத்தது. ஒரு நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்தவர் ஒரு பைக்கற் பால்மா வாங்கினால் கையில் மிஞ்சியது 210 ரூபா. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. எனினும் கடல் கடந்து வரும் பாலை நம்பி வாழ்வது எத்தகைய ஆபத்து என்ற பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.

இதைச் சொல்லும்போது எமது தவறையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சில தோட்டங்களில் தாய்மாருக்கு ஆடுகள் வழங்கினோம். அத்துடன் யோகட் செய்யும் பயிற்சியும் கொடுத்தோம். கோப்பைகளில் அடைத்துக் கடைகளுக்கு விற்றால் சுயதொழில் ஆகும், பெண்கள் தம் காலில் நிற்பார்கள் என்று திட்ட அறிக்கையில் எழுதினோம். திட்டம் ஆறு மாதமும் நிலைக்கவில்லை. குளிரில் யோகட் உறையவில்லை. உறைந்தது தண்ணீராய் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லை. பெரிய நிறுவனங்களின் கெட்டியான கோப்பையைக் கண்ட கடைக்காரர் எங்கள் தாய்மாரின் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். தாய்மார் தோற்கவில்லை. தோற்றது எமது சிந்தனை. அரைப் போத்தல் பாலை வைத்துக்கொண்டு சந்தையைப் பிடிக்க நினைத்தோமே தவிர, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கோப்பை நிறைய உணவாகும் என்பதை நினைக்கவில்லை.

ஆட்டை ஏழையின் பசு என்பார்கள். பசுவுக்கு வேண்டிய புல்லில் சிறு பங்கும், சிறு இடமும் அதற்குப் போதும். சினைக்காலம் ஐந்தே மாதம். ஆயினும் மலையகத்தில் ஆடு என்றால் இறைச்சி, அல்லது சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய். பால் இருமலுக்கு மருந்து, அவ்வளவே. யாழ்ப்பாணத்திலோ ஆட்டுப்பால் விட்ட தேத்தண்ணியை விரும்பிக் குடிப்போர் பலர். காந்தியடிகள் 1918இல் தொடங்கிய கடும் நோய்க்குப் பின் ஆட்டுப்பாலையே ஏற்றுக்கொண்டார். ஆகவே அது இழிவான பாலும் அன்று, வெறும் மருந்தும் அன்று. புரதம் பசுப்பாலுக்கு ஏறக்குறைய சமம். கொழுப்புத் துளிகள் சிறியவை. உறைந்தால் மென்மையாக உறையும்.

இனி, ஏன் யோகட்? புளிப்பு ஏறும்போது வீச்சம் பெரிதாகத் தெரியாது. பாலில் உள்ள சீனியின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றிவிடுவதால், பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். காலையில் கறந்த பாலை மறுநாள் வரை கெடாமல் வைக்கலாம். இன்னொன்றும் உண்டு. உறை ஊற்றிய பாலைக் கடைக்குக் கொடுக்க முடியாது. அது வீட்டிலேயே இருக்கும், பிள்ளையின் வயிற்றுக்கே போகும்!

"மலையில் தயிர் உறையாது" என்று நம் தாய்மார் சொல்வது உண்மையே. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. யோகட் நுண்ணுயிர்களோ 42 முதல் 45 பாகைச் சூட்டில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஆகவே வேண்டியது இயந்திரமன்று. ஆறு மணி நேரம் சூடு ஆறாமல் காப்பதே வேண்டியது. அதைச் செய்யும் முறை இதுதான்.

கறந்த பாலைச் சுத்தமான துணியில் வடித்து உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். எனவே பால் பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறு தணலில் பத்து நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்சுவது நல்லது. இதனால் கிருமிகள் அழியும், யோகட்டும் சற்றுக் கெட்டியாகும். பின் சுத்தமான சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணும்வரை சூடு பொறுக்கும் நிலைக்கு ஆறவிட வேண்டும். ஒரு போத்தல் பாலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி புதிய யோகட்டைக் கொஞ்சம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கலக்க வேண்டும். முதல் தடவைக்குக் கடையில் வாங்கும் சுவையூட்டாத யோகட் போதும். அடுத்த தடவைக்கு வீட்டிலேயே ஒரு கரண்டி எடுத்து வைக்கலாம். நாலைந்து தடவைக்குப் பின் புதிய உறை எடுப்பது நல்லது.

அதன் பின் பாத்திரத்தை மூடிக் கம்பளியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். மீன் வியாபாரியிடம் கிடைக்கும் பழைய ரெஜிபோம் பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தால் மிக நல்லது. சுடுதண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் வைக்கலாம். ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் வரை அசைக்கக் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது. பிரட்டுக்குப் போகுமுன் வைத்தால் மலையிலிருந்து வரும்போது உறைந்திருக்கும்.

கடை யோகட் போலக் கத்தியால் வெட்டும் பதம் வராது. கடையில் விற்பதில் பெரும்பாலும் ஜெலற்றின் சேர்ப்பதால்தான் அந்தக் கெட்டி. தண்ணீராய் இருக்கிறதே என்று மனம் சோராமல், மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் கெட்டியாகும். வடியும் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அதில் கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுடலாம்.

இங்கே சில எச்சரிக்கைகளும் அவசியம். 1905ஆம் ஆண்டில் இரண்டு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ் தம் நாட்டு யோகட்டை உறைய வைக்கும் நுண்ணுயிரைக் கண்டார். அதே ஆண்டில் மால்டாத் தீவில் தெமிஸ்தொக்கிள் சமித் என்ற மருத்துவர், அங்கு படைவீரரை வாட்டிய காய்ச்சலின் கிருமி நல்ல சுகத்தோடு தோன்றிய ஆடுகளின் பாலில் இருப்பதைக் கண்டார். மறு ஆண்டு ஆட்டுப்பாலை விலக்கியதும் படையினரிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. இரண்டு பாடங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். காய்ச்சாத பாலைத் தொடக் கூடாது. "மருந்துக்குப் பச்சைப்பால்தான் நல்லது" என்று சொல்லும் பெரியவர்களுக்கும் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். கருச்சிதைந்த ஆட்டின் பாலைப் பயன்படுத்தாமல் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். களைகொல்லி அடித்த மலையில் அறுத்த புல்லை ஆட்டுக்குப் போடக் கூடாது.

ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயது ஆகும்வரை ஆட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கலாகாது. அதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, அதையே நம்பி வளரும் கைக்குழந்தைக்கு இரத்தச்சோகை வரும். பசுப்பால் ஒவ்வாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. மேலும் பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கீரையும் பருப்பும் முட்டையும் வேண்டும். சாப்பாட்டோடு கொடுக்கும் சாயத் தேத்தண்ணி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது என்பதையும் தாய்மார் அறிய வேண்டும். தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கசப்பாக இருக்கலாம், என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பின், ஒரு தாய் எம்மிடம் கேட்டதை மறைப்பது நேர்மையாகாது. "காலையில நாலு மணிக்கு எழும்புறேன் சாமி. சமைச்சு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டு, மலைக்கு ஓடுறேன். வந்து புல்லறுக்கணும். இதுக்கு மேல யோகட்டும் நான்தான் செய்யணுமா?" என்றார். இக்கேள்விக்கு முன் எமது பயிற்சிப் பட்டறைகளெல்லாம் தலைகுனிய வேண்டும். அபிவிருத்தி என்ற பெயரில் பெண்ணின் முதுகில் இன்னொரு கூடையை ஏற்றுவது அபிவிருத்தியாகாது. பாலைக் காய்ச்சவும் பெட்டியில் வைக்கவும் ஓர் ஆணுக்குத் தெரியாதா? ஆட்டுக்குக் குழை ஒடிக்க மாலையில் ஓய்வாக இருக்கும் தகப்பனால் முடியாதா? எமது அடுத்த பயிற்சிக்குத் தகப்பன்மாரையும் அழைத்து வரும்படி கேட்கப் போகிறோம்.

அடுத்தது காணி. ஆடு கட்டக் கொட்டில் போட வேண்டுமானால் பல தோட்டங்களில் துரையின் அனுமதி வேண்டும். ஆடு கன்றுகளைக் கடிக்கும், மண்ணைக் கெடுக்கும் என்ற நிருவாகத்தின் பயம் முழுவதும் பொய்யன்று. ஆனால் தரையிலிருந்து உயர்த்திய பரண் கொட்டிலில் கட்டி, கிளிரிசிடியாக் குழையும் கினிப்புல்லும் வெட்டிப் போட்டு வளர்த்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. எருவும் மரக்கறிப் பாத்திக்குக் கிடைக்கும். அதற்கு இடம் எங்கே என்பதே கேள்வி. தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்று பேசப்பட்டது. வீடும் மலசலகூடமும் கட்டிய பின் அதில் என்ன மிஞ்சும்? பத்து அடி நீள லயக் காம்பராவில் வாழ்கிறவருக்கு அதுவும் இல்லை. பிள்ளையின் போசாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் காணியைப் பற்றியும் பேசியாக வேண்டும். சம்பளம் உயர்ந்தால்தான் கடன் புத்தகம் மூடும். கடன் புத்தகம் மூடினால்தான் பால் வீட்டில் நிற்கும்.

ஆகவே ஒரு கோப்பை யோகட் சம்பளப் போராட்டத்துக்கு மாற்று என்று எவரும் எண்ண வேண்டாம். அப்படி எண்ணும் நிறுவனங்களோடு நாம் உடன்படமாட்டோம். அதேவேளை, சம்பளமும் காணியும் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளையின் உடல் காத்திருக்காது. முதல் சில ஆண்டுகளில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம்.

எனவே வாசகர்களே, தோட்டங்களில் பணிபுரியும் ஆசிரியர்களே, குடும்பநல உத்தியோகத்தர்களே, பிள்ளைக் காம்பரா ஆயம்மாமாரே, மாதர் சங்கங்களின் தலைவிகளே, உங்களிடம் நாம் கேட்பது ஒன்றே. ஆடு உள்ள வீடுகளில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம். கறந்த பாலில் முதற் கோப்பை அந்த வீட்டுப் பிள்ளைக்கு. மீதியே கடைக்கு. ஆடு இல்லாத வீடுகளுக்கு, நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டியில் உறை ஊற்றிப் பகிர்ந்துகொள்ளட்டும்.

நாம் முதலில் சொன்ன தாய் இப்போது வாரத்தில் மூன்று நாள் கடைக்குப் பால் கொடுக்கிறார். மற்ற நாலு நாளும் கம்பளிக்குள் பால் உறைகிறது. கடன் இன்னும் முடியவில்லை. பிள்ளை துப்புவதில்லை.