மீன் தலையும் கூலிக் கணக்கும்

தோழர்களே! மூட்டை உரம் வாங்காமல் கத்தரி காய்க்காது என்னும் பேச்சை நாம் மறுக்கிறோம். கெம்போங், மத்தி மீன்களின் தலை, செவுள், குடலை எறியாதீர்கள். அதே எடை வெல்லத்தோடு சாடியிலிட்டு, வாயைத் துணியால் கட்டி, நிழலில் 21 நாள் புளிக்க விடுங்கள். வடித்த சாற்றில் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலந்து வேரடியில் ஊற்றுங்கள். தழைச்சத்து ஏறி, வெண்டையும் கீரையும் செழிக்கும்.

ஆனால் ஒன்று! "லயத்துக் கொல்லையில்தான் காய் விளைகிறதே, கூலி உயர்வு எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. பால் வெட்டிய கையும் கணக்கெழுதிய கையும் ஓய்வு நேரத்தில் உழைத்த பலன் அது; முதலாளி அளந்த படியன்று. அதைக் கூலியில் கழிக்க ஒருநாளும் இணங்கோம்!

உரம் நம் சாடியில். உரிமை நம் சங்கத்தில்!