யாரிடம் கணக்குக் கேட்பது?

2025 ஏப்ரல் 22-ஆம் தேதி காஷ்மீரத்தில் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குதிரை ஓட்டிப் பிழைத்த ஏழைத் தொழிலாளி ஒருவரும் அவர்களில் ஒருவர். மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இத்தனை பட்டாளம், இத்தனை போலீஸ், இத்தனை உளவு இலாகா இருந்தும், அந்தப் புல்வெளியில் காவலுக்கு ஆள் இல்லாமல் போனது எப்படி?"

நியாயமான கேள்வி. நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபம் எங்கே திருப்பிவிடப்பட்டது? வடநாட்டு ஊர்களில் படித்துக்கொண்டிருந்த காஷ்மீர மாணவர்கள் மீது! தெருவில் சால்வை விற்றுக்கொண்டிருந்த ஏழை வியாபாரிகள் மீது! பாதுகாப்பில் தவறு நேர்ந்தது உண்மை, பொறுப்பு என்னுடையது என்று காஷ்மீர லெப்டினன்ட் கவர்னர் ஜூலை மாதம் சொன்னார். சொன்னதோடு சரி.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. நமது பூந்தமல்லி சாலையிலேயே நடந்தேறிய கதை இது. இன்று எஸ்டேட்டில் லேத் ஓட்டும் இளந்தோழர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1991 மே 21. தேர்தல் சமயம். ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் வந்திறங்கி, போரூர் வழியாகப் பூந்தமல்லிக்கு வந்து பேசிவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தார். இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. கையில் மாலையோடு, இடுப்பில் வெடிகுண்டோடு, ஒரு பெண் அவர் காலடி வரை போக முடிந்தது. தடுக்கப் பார்த்தவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் மட்டுமே. ராஜீவோடு மாண்டவர்களில் ஒன்பது பேர் காவலுக்கு நின்ற போலீஸார். பெரிய மனிதரைப் பார்க்க ஆசையோடு வந்த ஒரு சிறுமியும் மாண்டாள். இது மன்னிக்க முடியாத படுகொலை. இதைத் திட்டமிட்ட விடுதலைப்புலிகளுக்காக நாம் ஒரு வார்த்தையும் பரிந்து பேச மாட்டோம். தனி ஆட்களைக் கொன்று எந்த மக்களும் விடுதலை பெற்றதில்லை.

ஆனால் காவல் தவறியது யார்? அன்று தமிழ்நாட்டில் நடந்தது கவர்னர் ஆட்சி. ஜனவரி 30-ஆம் தேதியே தி.மு.க. மந்திரிசபையை டில்லி கலைத்துவிட்டது. ஆக, தமிழ்நாட்டுப் போலீஸின் கடிவாளம் நாலு மாதமாக டில்லியின் கையில்தான் இருந்தது. குண்டு வெடித்ததும் மக்களின் கோபம் டில்லி மீதா போயிற்று? தி.மு.க.வினரின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அக்கட்சிக்குச் சட்டசபையில் கிடைத்தது 2 இடம். தி.மு.க.வோடு நமக்கு ஆயிரம் கணக்கு உண்டு. ஆனாலும் பதவியில் இல்லாதவனிடம் காவல் தவறியதற்குக் கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நீதிபதி வர்மா கமிஷன் 1992-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. பிரதமர் பதவி போனதும் ராஜீவுக்கு இருந்த விசேஷப் பாதுகாப்புப் படையை விலக்கிவிட்டு, அதற்கு ஈடாகத் தக்க ஏற்பாடு செய்யாதது மத்திய சர்க்காரின் குற்றம் என்றது. மாநிலப் போலீஸின் ஏற்பாட்டிலும் ஓட்டை என்றது. கூட்டம் நடத்திய காங்கிரஸ்காரர்களையும் அது விடவில்லை. இதற்காக எந்த மந்திரியாவது, எந்தப் பெரிய உத்தியோகஸ்தராவது ஒரு நாள் ஜெயிலுக்குப் போனதுண்டா? அன்றிரவு பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த போலீஸ் ஐ.ஜி. 1999-இல் சி.பி.ஐ. டைரக்டராகவே ஆனார். அந்த ஒருவர் மீது பழியைப் போட்டுவிட்டு மற்றவர்களைத் தப்பவிடுவது நம் நோக்கமல்ல. மேலே இருப்பவர்களுக்கு வழி எப்படித் திறக்கிறது என்பதைத்தான் காட்டுகிறோம். அப்புறம் ஜெயின் கமிஷன் வந்தது. அதன் இடைக்கால அறிக்கையைக் காட்டி, தி.மு.க. மந்திரிகளை வெளியேற்று என்று காங்கிரஸ் அடம்பிடித்தது. 1997 நவம்பரில் குஜ்ரால் மந்திரிசபையே கவிழ்ந்தது. செத்தவர்களின் பேரைச் சொல்லி நாற்காலிச் சண்டை!

மேலே இப்படி. கீழே என்ன நடந்தது? 'தடா' என்ற கருப்புச் சட்டம் பாய்ந்தது. பூந்தமல்லியில் தனிக் கோர்ட்டு வைத்து, கதவை மூடிக்கொண்டு விசாரித்தார்கள். 1998 ஜனவரி 28-ஆம் தேதி, குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு! 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? தடாச் சட்டக் குற்றம் ஒருவர் மீதும் நிலைக்காது என்றது. 26 பேரில் 19 பேருக்குக் கொலைக் குற்றத்தில் பங்கில்லை, சில்லறைக் குற்றங்களுக்கு அவர்கள் உள்ளே கிடந்த காலமே போதும் என்று விடுவித்தது. அதற்குள் எட்டு வருஷம் ஓடிவிட்டது.

பேரறிவாளன் கதை தெரியாதவர் இல்லை. பிடிக்கும்போது வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடாவின் கீழ், போலீஸ் சூபரின்டென்ட் எழுதிக்கொள்ளும் வாக்குமூலமே சாட்சி. எதற்காக அந்த பேட்டரி என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, அதை எழுதிக்கொண்ட அதே அதிகாரி 2013-இல் வெளியே சொன்னார். விட்டுப்போனது ஒரு வரி! அந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதனின் வாலிபமே போயிற்று. 2022 மே 18-ஆம் தேதிதான் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. தலைவரைக் காக்கத் தவறிய போலீஸ், வழக்கிலாவது நேர்மையாக நடந்துகொண்டதா?

1995-இல் தடா காலாவதியாகும் முன் நாடு முழுவதும் அதில் பிடிபட்டவர்கள் 76 ஆயிரத்துக்கு மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. குஜராத்தில் விவசாயிகள் மீதும் தொழிற்சங்கத்தார் மீதும் அதைப் பாய்ச்சினார்கள். பயங்கரவாதியைப் பிடிக்க என்று செய்த விலங்கு, கூலி உயர்வு கேட்டவன் கையில் ஏறிற்று! புதிது புதிதாக இப்படிச் சட்டங்கள் வரும்போது மில் தொழிலாளியும் கூலி விவசாயியும் கை தட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஈழத்துச் சகோதரர்களைக் கேளுங்கள். சண்டைக்குப் பயந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த ஏழைகள். பெயின்ட் அடித்தும் மண் சுமந்தும் பிழைப்பவர்கள். ஸ்ரீபெரும்புதூர் கொலையில் அவர்களுக்கு என்ன பங்கு? எனினும் 1991-க்குப் பின் ஒவ்வொரு அகதியும் சந்தேகப் பேர்வழி ஆனான். முகாமில் போலீஸ் ஆஜர். கல்லூரிக் கதவு அடைப்பு. 1992 முதல் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பும் படலம். காவல் தவறியவன் கோட்டையில், தண்டனை குடிசைக்கு!

இதற்கு வேறு வழியே இல்லையா? பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களில் மாதா கோவில்களிலும், கொழும்பில் பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டார்கள். பூசைக்குப் போன தமிழ் ஏழைகள் அதில் ஏராளம். இப்படி நடக்கப்போகிறது என்று இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4-ஆம் தேதியே தகவல் போயிருந்தது. ஜனாதிபதியும் பிரதமரும் பதவிச் சண்டையில் முகம் கொடுத்துப் பேசாதிருந்தார்கள். தகவல் காகிதத்தோடு தூங்கிற்று. அங்கேயும் முதலில் அடி விழுந்தது ஒன்றும் அறியாத முஸ்லிம்களின் கடைகள் மீதும் வீடுகள் மீதும்தான். மே மாதம் ஊர் ஊராகக் கொளுத்தினார்கள்.

ஆனால் செத்தவர்களின் குடும்பத்தார் அதோடு ஓய்ந்துவிடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரி 12-ஆம் தேதி அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. போலீஸ் தலைவராக இருந்தவருக்கு ஏழரைக் கோடி. பாதுகாப்புச் செயலாளராக இருந்தவருக்கு 5 கோடி. அத்தனையையும் ஒரே தடவையில் கட்ட முடியாது, தவணை கொடுங்கள் என்று சிறிசேன கேட்டார்.

போன உயிர் பணத்தால் திரும்பாது. அது நமக்கும் தெரியும். ஆனால் வாயிற்கூட்டத்தில் பஹல்காம் பற்றிப் பேசும் தோழர்கள் இதையும் சேர்த்துப் பேசட்டும். ஸ்ரீபெரும்புதூரில் மாண்ட ஒன்பது போலீஸாரின் குடும்பங்களுக்கு, அன்று டில்லியில் ஆண்ட எந்த மந்திரி தன் மடியிலிருந்து எத்தனை ரூபாய் கட்டினார்?