பயந்தால் ஊர் அடங்குமா?

“ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு, அதான் இப்படிச் சுத்துறாங்க.” 2020-இல் ஜெயங்கொண்டம் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை இந்தப் பேச்சுதான். பயம் இருந்தால் மக்கள் வீட்டில் கிடப்பார்கள், வீட்டில் கிடந்தால் நோய் பரவாது என்று கணக்கு. சென்னையில் போலீஸ்காரர் கொரோனா வடிவத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வண்டிகளை மறித்தது இந்தக் கணக்கில்தான். திருப்பூர் மாவட்டத்தில் முகக்கவசம் இல்லாமல் வந்த இளைஞர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி, உள்ளே நோயாளி வேஷத்தில் ஒருவரைப் படுக்க வைத்துக் கதற விட்டதும் அப்படித்தான். அந்த வீடியோவைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம்.

வேறு யார் இந்தக் கணக்கை நம்பினாலும் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் நம்பக் கூடாது. அந்த ஏப்ரல் கடைசி வரை இங்கே தொற்று மிகக் குறைவு. கிராமங்களில் ரோட்டுக்குக் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டு, வெளியூர்க்காரர் உள்ளே வரக் கூடாது என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பயத்துக்குக் குறைவே இல்லை. அந்தச் சமயத்தில் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியது. அங்கே மூட்டை தூக்குகிறவர்களில் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் ஆட்கள் ஏராளம். கூட வேலை பார்த்தவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் என்ன செய்தார்கள்? பத்துப் பேர் படுக்கும் அறையில் பதுங்கவா முடியும்? காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மறுநாள் மாநிலம் முழுவதும் வந்த 771 தொற்றில் அரியலூர் மாவட்டத்தில் மட்டும் 188. சென்னைக்கு அடுத்த இடம்.

பயம் இல்லாததாலா அவர்கள் பயணம் செய்தார்கள்? பயந்ததால்தான் செய்தார்கள். மனுஷன் பயந்தால் முதலில் தேடுவது சொந்த ஊரை. வாடகை அறையில் அநாதையாகச் செத்துவிடுவோமோ என்ற பயம் நோய்ப் பயத்தைவிடப் பெரியது. 2020 மார்ச் 24 மாலை முதல் 144 தடை என்று அறிவித்ததும் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் நெரிந்த கூட்டம் இந்தப் பயத்தின் கூட்டம். ஜூனில் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு என்றதும் செங்கல்பட்டுச் சாலையில் நின்ற வண்டி வரிசையும் இதுதான். 2021 மே மாதத்தில் இரண்டு தடவை இதே காட்சி. இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தபோது லட்சக்கணக்கானோர் நகரத்தைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். பிளேக்கும் கூடவே ரயிலேறியது.

சரி, பயத்தால் எந்தப் பயணமுமே நிற்கவில்லையா? நின்றது. எது நின்றது என்று பார்க்கத்தான் எங்கள் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வர வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறை 2020 மார்ச் 17-ஆம் தேதியே இந்தக் கோயிலையும் சேர்த்துத் தன் சின்னங்களைப் பூட்டிவிட்டது. தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் பக்தர்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1-ஆம் தேதி. டாஸ்மாக் மே மாதத்திலேயே திறந்துவிட்டது, அது வேறு கதை. கோயில் திறந்த பிறகும் ஜனங்கள் தயங்கினார்கள். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மதிலுக்குள்ளே பெரிய புல்வெளி, மேலே திறந்த வானம், நடுவே ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம். நந்தியைத் தாண்டி வடக்குப் பக்கம் போனால் படிக்கட்டை ஒட்டிச் சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றிவிடும் சிற்பம். சுற்றுகிற விரல்களின் பதவிசையும், குனிந்து வாங்கிக்கொள்கிற சண்டேசரின் கைகூப்பலையும் நின்று பார்க்க அரை மணி நேரம் போதாது. அந்த இடத்தில் நான்கு பேர் தள்ளித் தள்ளி நின்றால் யாருக்கு என்ன வந்துவிடும்? மகாமண்டபம் வேறு; நீளமான இருட்டு மண்டபம், காற்றோட்டம் குறைவு, அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்தியது நியாயம். பயத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மூடிய இடத்தில் காற்றுவழியாகவும் தொற்று பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எழுதிய பிறகும், கோயிலுக்கு வரத் தயங்கிய அதே குடும்பம் ஏ.சி. கல்யாண மண்டபத்துக்கு மொய்க் கவரோடு போய், பந்தியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட்டது. மொய் பாக்கிக்கு முன்னால் எந்த வைரஸும் நிற்க முடியாது.

இந்தத் தயக்கத்தால் கோயில் வாசலில் இளநீரும் பூவும் விற்றுப் பிழைப்பவர்களுக்குத்தான் நஷ்டம். வெளிநாட்டுக்காரர்களும் வரவில்லை; அவர்களுக்குச் சுற்றுலா விசாவே 2021 அக்டோபர் வரை இல்லை.

“பயம் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்” என்பார்கள். 2021-இல் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தவர்களை நினைத்துச் சொல்கிறார்கள். அந்த வேதனையை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை வேறு, பயம் வேறு. எச்சரிக்கைக்கு விவரம் வேண்டும்: எந்த இடம், எவ்வளவு நேரம், எத்தனை பேர். நம்மிடம் அதைச் சொல்ல ஆள் குறைவு, மிரட்ட ஆள் அதிகம். அப்படி ஊட்டிய பயம் நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2025 ஜூலை 27-ஆம் தேதி ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்தபோது இதே கங்கைகொண்ட சோழபுரத்தில் திரண்ட கூட்டத்துக்கு ஐந்து வருஷத்துக்கு முந்தைய பயம் ஞாபகத்தில்கூட இல்லை. அது பரவாயில்லை. கல்யாண மண்டபங்களில் ஒரு ஜன்னல்கூட அதிகம் திறக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த தொற்று வரும்போது மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை எனக்குத் தெளிவாகவே இருக்கின்றன. சந்தையை மூடுவதானால், மூட்டை தூக்குகிறவருக்கு அத்தனை நாள் கூலியும் சோறும் தங்க இடமும் யார் தருவது? ஊருக்கே போக வேண்டுமென்றால் பரிசோதனை செய்து, தனிப் பேருந்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு யாருடையது? கங்கைகொண்ட சோழபுரத்தில் மண்டபத்தைப் பூட்டிவிட்டு வெளிப் பிராகாரத்தைத் திறந்து வைக்க யாருடைய கையெழுத்து வேண்டும்? இவற்றுக்குப் பதிலை நோய் வருவதற்கு முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.