நடுராத்திரியில் மடைச் சாவி யார் கையில்?

பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டது என்றால் போதும், ஆர்.எஸ்.மங்கலம் டீக்கடையில் பேச்சு களை கட்டிவிடும்.

"எத்தனாம் நம்பர்ணே?"

"மூணாம் நம்பர்!"

"மூணுதானா? அப்ப ஒண்ணும் ஆகாது. ரெண்டு டீ போடுப்பா!"

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் இதே கதைதான். கூண்டு ஏறும், இறங்கும். டீ ஆறும். ஊர் பிழைத்துக் கொள்ளும்.

பிழைக்காத வருஷம் ஒன்று வந்தால்?

அந்தக் கூண்டு வரிசையில் கடைசி நம்பர் 11. பத்தாம் நம்பர் என்றால் பெரிய அபாயம் என்பது பலருக்கும் தெரியும். பதினொன்று எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

11-ம் நம்பர் காற்றின் வேகத்தைச் சொல்வதல்ல. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதற்கு அர்த்தம். இனி மேலிடத்துச் சேதி வராது. அந்த இடத்தில் இருப்பவர்தான் நிலைமையைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டும்!

ஆபத்து வேளையில் எந்த ஊருக்கும் உண்மையான பரீட்சை அந்தப் பதினோராம் நம்பர்தான். போன் செத்து, கரண்டு போய், ரோடும் அறுந்து போன பிறகு யார் என்ன செய்வது? அதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்களா, இல்லையா? ஆர்.எஸ்.மங்கலம் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

சேதி இல்லாத ராத்திரி

இந்த மாவட்டத்துக்கு இதை யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1964 டிசம்பர் 22. நள்ளிரவு நேரம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும் சமயம், சிக்னல் வேலை செய்யவில்லை. நின்று பார்த்த டிரைவர், விசில் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார் என்று சொல்கிறார்கள். அடுத்து வந்தது கடல். ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தனுஷ்கோடி என்ற ஊரே போயிற்று. பாம்பன் பாலமும் உடைந்தது.

அந்த டிரைவர் மீது பழி போட்டு என்ன புண்ணியம்? நடுராத்திரி, பேய்க்காற்று, இருட்டு. "போகலாம்" என்று சொல்லவும் ஆள் இல்லை, "போகாதே" என்று தடுக்கவும் ஆள் இல்லை. தனி ஆளாக ஒரு முடிவு எடுத்தார்.

ஒரு மனுஷனை அந்த மாதிரி நேரத்தில் தனியாக நிற்க விடாமல் இருப்பதற்குப் பெயர்தான் பேரிடர் திட்டம். மற்றதெல்லாம் பைல்!

நாரை பறக்காத கண்மாய்

தனுஷ்கோடிக்குக் கடல் என்றால் ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கண்மாய்.

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர் வாங்கியது இந்த ஊர்ப் பெரிய கண்மாய். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று பெருமையாகச் சொல்வார்கள். இது பெருகினால் நெல்லு உண்டு, ஊருக்குச் சோறு உண்டு. கண்மாய் பெருகுவது வரம். உடைப்பு எடுத்தால் அதே கண்மாய் சாபம்.

பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் வயிறு கலங்கும்.

2024 நவம்பர் 20-ந் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் கொட்டிய மழை 41 சென்டிமீட்டர். அந்த மேகம் கொஞ்சம் வடக்கே தள்ளி வந்திருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 41 சென்டிமீட்டர் மழை என்றால் 41 கோடி லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் அடித்தால் 41 ஆயிரம் லோடு! ஒரு சதுர கிலோமீட்டருக்கே இந்தக் கணக்கு. கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரும் பரப்போ அதைப் போலப் பல மடங்கு.

2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் இதுதான் நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வழிநெடுக குளங்கள் உடைந்தன. ரோடு இல்லை, கரண்டு இல்லை, செல்போன் இல்லை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று போய் நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். அவர்கள் பசிக்கு முதலில் உலை வைத்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான்.

காரணம் வேறொன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான்!

எட்டுத் துறை, ஒரு ராத்திரி

இப்போது ஆர்.எஸ்.மங்கலத்துக்கு வரலாம்.

கண்மாய் நீர்வளத்துறைக்குச் சொந்தம். மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு. கரண்டு மின்வாரியத்துக்கு. சாக்கடையும் தெருவும் பேரூராட்சிக்கு. ஜனங்களை மேட்டுக்கு அழைத்துப் போவது தாசில்தார், வி.ஏ.ஓ. பொறுப்பு. தங்க வைக்கும் பள்ளிக்கூடம் கல்வித் துறைக்கு. அரிசி உணவுத் துறைக்கு. காயம்பட்டவனைப் பார்க்க சுகாதாரத் துறை.

பகல் பத்து மணிக்கு இந்த எட்டுப் பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்கலாம். டீ, பிஸ்கட் கொடுத்து மீட்டிங்கும் போடலாம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கலெக்டர் ஆபீஸில் அப்படி நடக்கவும் செய்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால், ராத்திரி இரண்டு மணிக்குக் கரையில் ஒரு இடத்தில் ஊற்று எடுக்கிறது என்று ஒரு விவசாயி ஓடி வருகிறார். அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஷட்டரைத் திறக்கும் சாவி யார் வீட்டில் இருக்கிறது? அவர் வெளியூர் போயிருந்தால் மாற்றுச் சாவி எங்கே? மணல் மூட்டை எந்தக் கிட்டங்கியில் கிடக்கிறது? ஜே.சி.பி. வைத்திருப்பவர் யார்? டீசலுக்குப் பணம் யார் தருவது? பள்ளிக்கூடத்துப் பூட்டைத் திறப்பது யார்? நடக்க முடியாத அப்பத்தா எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார்? இன்றோ நாளையோ பிரசவம் என்று இருக்கும் பெண் யார் வீட்டில்?

இதற்கெல்லாம் பதில் எழுதி வைத்திருந்தால் சந்தோஷம். அப்படி இருந்தால் அது ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? பீரோவுக்குள் இருக்கும் திட்டம் வெள்ளத்தில் நீந்தி வராது!

சட்டம் என்ன சொல்லுது?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்த பிறகுதான் நாட்டுக்கே புத்தி வந்தது. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. டெல்லியில் பிரதமர் தலைமையில் ஒரு ஆணையம். மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையில் ஒன்று. மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் ஒன்று.

2025-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் தனியாக ஒரு நகர்ப்புற ஆணையம் வைத்துக் கொள்ளலாம் என்று வழி விட்டார்கள். நல்ல காரியம்தான். 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டை யார் மறக்க முடியும்? இன்றைக்குச் சென்னைவாசி 1913 என்று சுழற்றினால் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையில் கேட்க ஆள் இருக்கிறது.

மாநகராட்சிக்கு ஆணையம். சரி, பேரூராட்சிக்கு?

ஆர்.எஸ்.மங்கலம் மாதிரி ஊர் நடுவில் மாட்டிக் கொண்டது. கிராமம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கடையும் வீடும் பெருத்துவிட்டன. நகரம் என்று சொல்லிக் கொள்ளத் தனி ஆணையமும் இல்லை, படகும் இல்லை.

அதற்காகக் கையைக் கட்டிக் கொண்டு இருக்கலாமா? கூடாது. அதே 2005 சட்டம் உள்ளாட்சிக்கும் கடமை வைத்திருக்கிறது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். சாமான்களை உடனே எடுக்கிற மாதிரி தயாராக வைத்திருக்க வேண்டும். சின்ன ஊர், பெரிய ஊர் என்று அதில் விதிவிலக்கு கிடையாது.

"பெரிய படை வரும்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. வரும், நிச்சயம் வரும். தேசிய பேரிடர் மீட்புப் படையின் முகாம் அரக்கோணத்தில் இருக்கிறது. முன்கூட்டியே புயல் தெரிந்தால் இந்தப் பக்கம் அனுப்பியும் வைக்கிறார்கள். ஆனால், சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும் மழைக்கு? அரக்கோணத்திலிருந்து படகு வரும் வரை கண்மாய்க்கரை காத்திருக்குமா?

கொடியும் சைக்கிளும்

இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

வங்காள தேசத்தைப் பார்க்கலாம். 1970 நவம்பரில் அடித்த புயலில் அங்கே மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பின் அவர்கள் முதலில் சேர்த்தது ஆட்களை. ஊருக்கு ஊர் தொண்டர்கள், கையில் கொடி, வாயில் மெகாபோன், போக சைக்கிள். ஒரு கொடி ஏறினால் உஷார். கொடி கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். இன்றைக்கு அங்கே புயல் வந்தால் லட்சக்கணக்கில் ஜனங்கள் முன்கூட்டியே மேட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒடிசாவிலும் இதே பாடம்தான். 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். சாவு ஐம்பதுக்குள் நின்றது. காற்று இளகிவிடவில்லை. ஊர்தான் தயாராக இருந்தது.

கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது படகைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியவர்கள் மீனவர்கள். ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே போனால் கடற்கரை. தேவிபட்டினம், தொண்டி என்று வரிசையாகப் படகுகள் நிற்கின்றன. எந்தப் படகுக்காரருக்குப் போன் போடுவது, எந்த லாரி அதை ஏற்றி வரும் என்று இன்றைக்கே பேசி முடித்தால் செலவு என்ன? இரண்டு டீ!

ஒரே ஒரு தாள்

ஆகவே ஆர்.எஸ்.மங்கலத்துக்கு வேண்டியது நூறு பக்க புஸ்தகம் இல்லை. ஒரே ஒரு தாள்.

அதில் வார்டு வாரியாகப் பொறுப்பாளர் பெயரும், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் பெயரும் இருக்கட்டும். மடைச் சாவி, பள்ளிக்கூடச் சாவி, கல்யாண மண்டபச் சாவி யாரிடம் என்பது இருக்கட்டும். ஜெனரேட்டர், ஜே.சி.பி., டிராக்டர், மணல் மூட்டை எங்கே என்பது இருக்கட்டும். மேடான இடம் எது, எந்தத் தெரு ஜனம் எந்தக் கட்டிடத்துக்குப் போக வேண்டும் என்பதும் இருக்கட்டும். கீழே மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 என்று பெரிய எழுத்தில் போடட்டும்.

அதைப் பேரூராட்சி ஆபீஸில் மட்டும் ஒட்டினால் போதாது. பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, டீக்கடை, மிளகாய்க் கமிஷன் கடை என்று ஜனம் நிற்கிற இடமெல்லாம் ஒட்ட வேண்டும்.

போன் செத்தால்? கோயில் மைக், பள்ளிவாசல் மைக், சர்ச் மணி. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கக்கூடியவை இவைதான். எந்தச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒரே சைகை வைத்துக்கொள்ள வேண்டும். மைக்குக்குக் கரண்டு இருக்காது என்பதால் பாட்டரியும் தயாராக வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் ஒத்திகை பார்க்க வேண்டும். பகலில் வேண்டாம், ராத்திரியில்! சாவி உண்மையிலேயே அந்த வீட்டில் இருக்கிறதா, ஷட்டர் துருப்பிடிக்காமல் சுற்றுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

"இதுக்கெல்லாம் பேரூராட்சியில பணம் எங்கேய்யா இருக்கு?" என்று கேட்பார்கள். தாளுக்கும் பசைக்கும் எவ்வளவு ஆகும்? மணல் மூட்டைக்கும் டார்ச் லைட்டுக்கும் எவ்வளவு ஆகும்? கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் மிளகாய் நனைந்தால் வியாபாரிக்கு ஒரே ராத்திரியில் போவது அதைவிடப் பல மடங்கு. பயிர் மூழ்கினால் விவசாயிக்கு வருஷமே போச்சு. உயிருக்கு விலை போட யாரால் முடியும்?

அந்தக் காலத்தில் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். மழை கொட்டும் ராத்திரியில் அவரைத் தேடி யாரும் போக வேண்டியதில்லை. அவரே கரையில் நிற்பார். ஊருக்கு அவர் பெயர் தெரியும், அவருக்கு ஊர் தெரியும். இன்றைக்கு எட்டுத் துறை இருக்கிறது, ஆயிரம் செல்போன் இருக்கிறது. கரையில் நிற்கப் போகிறவர் பெயர்தான் ஜனங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை பாம்பனில் கூண்டு ஏறும்போது டீக்கடையில் "எத்தனாம் நம்பர்ணே?" என்று கேட்கட்டும். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்.

"நம்ம தெருவுக்கு யாருண்ணே பொறுப்பு?"

சுவரில் ஒட்டிய தாளைக் காட்டி டீ மாஸ்டர் பதில் சொல்லும் நாள் வந்தால், பதினோராம் நம்பர் ஏறினாலும் ஆர்.எஸ்.மங்கலம் பிழைத்துக் கொள்ளும்.

பேரூராட்சியும் தாலுகா ஆபீஸும் அந்தத் தாளை மழைக்கு முன்னால் ஒட்டுவார்களா? இல்லை, வெள்ளம் வடிந்த பிறகு மீட்டிங் போடுவார்களா?