தீபாவளிக்கு ஊருக்குப் போகலையா?

ஐப்பசி பிறந்தால் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரே தலைப்புதான். சொந்த ஊர் நோக்கிப் படையெடுக்கும் மக்கள். பஸ் ஜன்னலுக்குள் பையைத் திணிக்கிற படம் ஒன்று. கூடவே நம்முடைய முற்போக்குக் கவிஞர்களுக்கும் கிராமம் ஞாபகம் வந்துவிடும். திண்ணை, கிணற்றடி, அரசமரத்து நிழல், பாட்டி கையால் சுட்ட அதிரசம். நகரம் மனுசனைத் தின்றுவிட்டதாம், மிச்சம் இருக்கிற மனுசத்தன்மை எல்லாம் கிராமத்தில்தான் இருக்கிறதாம்.

அய்யா, அந்தத் திண்ணையில் நாங்கள் உட்கார்ந்தது எப்போது? அந்தக் கிணற்றில் வாளி விட்டது எப்போது? 'சொந்த ஊர்' என்று எழுதுகிறீர்களே, ஊர் வேறு, சேரி வேறு என்று எல்லை போட்டது நாங்களா? 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களின் முகத்துக்கு நேரே, அது அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் உறைவிடம் என்று சொன்னார். அதற்கப்புறமும் இந்த ஏக்கம் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

அம்பத்தூரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், 'தீபாவளிக்கு ஊருக்குப் போகலையா' என்பது நலம் விசாரிப்பு அல்ல, அது சாதி விசாரிப்பு. போறோம் என்றால், எந்த ஊரு? உத்திரமேரூர் பக்கம் என்றால், அங்க எந்தப் பக்கம்? கோயில் தெருவா, ஏரிக்கரையா? குலசாமி எது? நாலாவது கேள்வியில் ஆள் அகப்பட்டுக்கொள்வான். அகப்பட்டால், தை மாசம் வீட்டுக்காரருக்குத் திடீரென்று மகளுக்குக் கல்யாணம் வரும், வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார். நான் மூணு வீடு மாறியிருக்கிறேன். மூணு வீட்டுக்காரருக்கும் மகள் இருந்தாள்.

1955ல் ஆவடி காங்கிரசில் சோசலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். 1961ல் அங்கே டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964ல் அம்பத்தூர் எஸ்டேட். செங்கல்பட்டு, வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து எத்தனை பேர் இங்கே ஓடி வந்தோம்! கூலிக்கு மட்டும் வரவில்லை. பேரைக் கேட்டால் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்பதற்காகவும் வந்தோம். லேத்து மிஷினுக்குச் சாதி தெரியாதுதான். ஷிப்ட் முடிந்து வாடகை வீடு தேடுகிறபோதுதான் தெரிந்தது, ஊரும் நம்ம பின்னாலேயே பூந்தமல்லி பஸ் ஏறி வந்து இறங்கியிருக்கிறது.

சரி, போகாமல் இருக்க முடியுமா? தாத்தாவும் ஆயாவும் அங்கே இருக்கிறார்களே. வருசா வருசம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லியில் பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தாண்டிப் போகிறோம். அம்பத்தூரில் எங்கள் அய்யாவைப் பார்க்கிற பையன்கள் 'தாத்தா' என்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் மீசை முளைக்காத ஒரு பையன், 'இன்னாடா, மெட்ராசுலேர்ந்து உம் புள்ள வந்துட்டானா' என்று எழுபது வயசு மனுசனைக் கேட்கிறான். என் மகன் என் முகத்தைப் பார்க்கிறான். பாடப்புத்தகத்தில் முதியோரை மதிக்கணும் என்று இருக்கிறதே, அது இந்த ஸ்டாப்புக்கு இல்லையா என்று கேட்கிற பார்வை.

அதிரசத்துக்கு வருவோம். எங்கள் ஆயா சுட்டுப் போட்டு நாங்கள் வளரவில்லை. தீபாவளி அன்று பொழுது சாய ஆண்டை வீட்டுப் புழக்கடையில் போய் நின்றால் மடியில் போடுவார்கள். இட்லி, வடை, உடைந்த அதிரசம், எல்லாம் ஒன்றாகக் கலந்து எண்ணெய் ஊறிப்போய் வரும். அதைப் பிரித்து அடுக்கி, 'இது ரெட்டியார் வூட்டுது, இது மொதலியார் வூட்டுது' என்று ஆயா ருசி சொல்லுவாள். பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் பாட்டி கைப் பக்குவம் என்று கவிதை எழுதுகிறவன், எந்தப் பாட்டி, யார் வீட்டு அடுப்பு என்றும் எழுதட்டும். அயோத்திதாசப் பண்டிதர் இந்தத் தீபாவளியே எள்ளில் நெய் கண்ட பவுத்தர்களின் நாள் என்று எழுதினார். நம்ம நாளை எடுத்துக்கொண்டு, நமக்கே மடியில் மிச்சம் போட்டிருக்கிறார்கள்!

எங்கள் பக்கத்து உத்திரமேரூருக்கு இப்போது டெல்லி வரை கீர்த்தி. 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை, ஜனநாயகத்தின் ஆணிவேர் என்று. கல்வெட்டில் இருப்பது என்ன? கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர் சபை. என் மகள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், 'தாத்தா, நம்ம ஆளுங்க அப்போ ஓட்டுப் போட்டாங்களா?' என்று கேட்டாள். அய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: 'பானையத் தொட வுட்டாத்தானம்மா அதுல ஓலை போடறது.'

எந்தச் சரித்திரப் பேராசிரியரும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர் நத்தத்துக்குத் தனியாகவும் பறைச்சேரிக்குத் தனியாகவும் கணக்கு இருக்கிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. சுடுகாடுகூட எங்களுக்கு வேறு. ஆயிரம் வருசம் ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. பயிர் ஏறிய கழனி வழியாகத்தான் பாடையைத் தூக்கணும். போன வருசம் தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் எங்கள் பெரியம்மா செத்துப்போனாள். வரப்பில் கால் வைத்தால் நெல் சாயுமாம். கழனிக்காரர் வந்து நின்று பேசி முடிக்கிற வரைக்கும் பாடை எங்கள் தோளில் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் சுற்றிக்கொண்டு போனோம். பட்டாசு வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் கரையில் நின்று பார்த்தார்கள். இதுதான் அவர்கள் கண்ட கிராமத்து இயற்கை.

இதனால்தான் நம்ம ஆட்களிலேயே படித்த சிலர் சொல்லுகிறார்கள்: பிள்ளைகளைக் கூட்டிப் போகாதே, அவர்களுக்கு இது தெரியவே வேண்டாம், ஊர் பேரைச் சொல்லாமல் வளரட்டும் என்று. அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒளித்து வளர்த்த பிள்ளைக்கு காலேஜ் ஹாஸ்டலில் எவனோ ஒருத்தன் முதல் தடவையாகச் சொல்லிக் கொடுப்பான், அவன் சொல்லுகிற விதமாகத்தான் அது தெரியும். தாத்தா வாயால் தெரிந்துகொண்டால், அவமானப்பட வேண்டியவன் யார் என்பதும் சேர்ந்து தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நமக்கு நிலம் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் எழுதிய அறிக்கைக்குப் பின், 1892ல் வெள்ளைக்காரன் அரசு நமக்கென்று ஒதுக்கியது பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற கணக்கு. பத்து வருசம் விற்கக்கூடாது, அதற்கப்புறம் விற்றாலும் நம்ம சனத்துக்குத்தான் விற்கணும் என்று நிபந்தனை. அது இன்றைக்கு யார் கையில் இருக்கிறது? அந்த நிலத்தைக் கேட்டுத்தான் காரணையில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலையைப் பெயர்த்தார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அதுவும் ஐப்பசியை ஒட்டித்தான். அந்த நாளைப் பற்றி எந்தத் தீபாவளி மலரிலாவது ஒரு பக்கம் வந்ததுண்டா?

பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு நின்றோமே, அந்தக் கழனியும் அப்படித்தான் என்று அய்யா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அப்பன் ஏர் ஓட்டிய இடம், பஞ்சத்தில் ரெண்டு மூட்டை கேழ்வரகுக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டது. வாய்ச்சொல்லுக்கு ஆபீசில் மதிப்பில்லை. 'அ' பதிவேட்டு நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு நாலு நாள் லீவு சொல்லியிருக்கிறேன், அதில் ஒரு திங்கட்கிழமை வருகிறது. காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். அய்யாவுக்கு நடக்க முடியாது, ஆட்டோ வைத்துத்தான் கூட்டிப் போகணும். மனுவை என் மகள் எழுதியிருக்கிறாள். சர்வே நம்பர் மட்டும் காலியாக விட்டிருக்கிறது.