கஷண்டிக்கு மருந்தும் ஸ்டெம் செல் புருடாவும்

பொறாமைக்கும் கஷண்டிக்கும் மருந்தில்லை என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரத்திலும் அது புழங்கும். கிழக்கே நாகர்கோவில், ஆரல்வாய்மொழி என்று வர வர கஷண்டி என்பது சொட்டையாகவும் வழுக்கையாகவும் மாறுமே தவிர, மருந்தில்லை என்ற விஷயத்தில் விளவங்கோட்டுக்கும் தோவாளைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, கற்றாழை என்று தோட்டத்தில் கிடைத்ததையெல்லாம் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தேய்த்தார்கள். முடி வளர்ந்ததோ இல்லையோ, தலை குளிர்ந்தது. செலவும் ஒரு குப்பி எண்ணெயோடு முடிந்தது.

இப்போது மருந்து வந்துவிட்டதாம். பஸ்ஸின் முதுகில், பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், செல்போனைத் திறந்தால் அதில் என்று எங்கே பார்த்தாலும் இரண்டு போட்டோக்கள். இடதுபக்கம் சொட்டையோடு சோகமாக ஒருத்தர், வலதுபக்கம் அதே ஆள் சுருட்டை முடியோடு சிரிக்கிறார். கீழே "முடி மாற்று சிகிச்சை", "ஸ்டெம் செல் சிகிச்சை", "வலியில்லை, தழும்பில்லை, தவணை வசதி உண்டு". பக்கவிளைவு என்ற வார்த்தை மட்டும் எந்த போர்டிலும் இருக்காது.

இந்த வியாபாரம் ஓடுவதற்கு முக்கியக் காரணம் கல்யாணச் சந்தை. பையனுக்கு என்ன சோலி, எவ்வளவு சம்பளம், சொந்த வீடா என்று எல்லாம் பொருந்தி வந்த பிறகு, போட்டோவைக் கையில் வாங்கும் ஒரு அத்தை "மாப்ளைக்கு சொட்டையாக்கும்" என்று சொன்னால் போதும், சம்பந்தம் அங்கேயே நின்றுவிடும். குளச்சலில் இருந்தும் தக்கலையில் இருந்தும் வளைகுடா போனவர்கள் பாடு இன்னும் கஷ்டம். கிடைப்பது ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் லீவு. அதற்குள் பெண் பார்க்க வேண்டும், நிச்சயம் பண்ண வேண்டும், தாலி கட்ட வேண்டும், தலையில் முடியும் முளைத்தாக வேண்டும். ஊருக்கு வந்த மூன்றாம் நாளே திருவனந்தபுரத்துக்கோ கொச்சிக்கோ வண்டி ஏறுகிறவர்கள் உண்டு.

முடி போனதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் அங்கே குளிக்கிற தண்ணி. கடல் நீரைச் சுத்திகரித்த தண்ணீராம், அதில் குளித்துத்தான் கொட்டிப்போனதாம். பாவம் தண்ணீர்! ஆண்களுக்கு நெற்றியில் இருந்தும் உச்சியில் இருந்தும் வரிசைக்கிரமமாகப் போகும் வழுக்கைக்குக் காரணம் பரம்பரையும் ஆண் ஹார்மோனும்தான். 1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் இதை எழுதிவிட்டார். பருவம் அடையும் முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கே ஹார்மோன் ஊசி போட்டால், குடும்பத்தில் வழுக்கை இருப்பவர்களுக்கு மட்டும் முடி போகிறது. துபாயில் குளிக்காமல், பூதப்பாண்டி ஆற்றுத் தண்ணீரிலேயே முங்கிக் குளித்தவர்களின் தலையும் இப்படித்தான் ஆகிறது.

சரி, முடி மாற்று சிகிச்சை என்பது மோசடியா? இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது உண்மையான அறுவை சிகிச்சை. பிடரியிலும் காதுக்கு மேலேயும் இருக்கும் முடிக்கு ஹார்மோனைத் தாங்கும் குணம் உண்டு. வேரோடு எடுத்து முன் தலையில் நட்டாலும் அந்தக் குணம் மாறுவதில்லை. 1950களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் செய்து காட்டியது இது. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை. நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவதுதான். ஒரே ஒரு வித்தியாசம், நாற்றங்காலில் அடுத்த பூவுக்கு மறுபடி விதை பாவலாம். பிடரியில் பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை, இருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. 22 வயதில் வருகிற பையனுக்கு இன்னும் இருபது வருடம் முடி கொட்டப்போகிறது. அவன் நெற்றியில் இப்போதே நட்டுவிட்டால், நட்டது நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி போய்க்கொண்டே இருக்கும். நாற்பது வயதில் முன்னால் ஒரு வரப்பு, பின்னால் ஒரு பொட்டல் என்று தலை ஆகும். அதைத் தடுக்க மினாக்ஸிடிலோ ஃபினாஸ்டெரைடோ காலம் முழுக்க எடுக்க வேண்டும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். முதலாவது, ரத்த அழுத்த மாத்திரையாக இருந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைப் பார்த்து தலைக்குத் திருப்பிவிடப்பட்டது. இரண்டாவதற்கு 1997ல் அமெரிக்காவில் வழுக்கைக்கான அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஆண்மை சம்பந்தமான பக்கவிளைவுகள் உண்டு. கல்யாணத்துக்காக முடி நடுகிறவனிடம் இதைச் சொல்லாமல் இருப்பது என்ன நியாயமோ தெரியவில்லை!

லீவுக் கணக்கும் இடிக்கிறது. நட்ட முடி முதல் சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்க ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் பக்கம் ஆகும். நாற்பத்தைந்து நாள் லீவில் வந்து நட்டுக்கொண்ட மாப்பிள்ளை, மண்டபத்தில் நிற்கும்போது முன்பைவிட மோசமாகத் தெரியவும் வாய்ப்பு இருக்கிறது.

இனி ஸ்டெம் செல். புருடாவின் சிகரம் இது. நாற்று தீர்ந்துபோகும் என்றால் விதையே தருகிறோம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் பல இடங்களில் நடப்பது என்ன? கையில் இருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், ஒரு எந்திரத்தில் போட்டுச் சுழற்றுவார்கள், மேலே மிதக்கும் மஞ்சள் திரவத்தை ஊசியில் எடுத்து உச்சந்தலை முழுக்கக் குத்துவார்கள். அதில் செறிந்திருப்பவை ரத்தத் தட்டுகள். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது என்று பள்ளிக்கூட விலங்கியல் புத்தகத்திலேயே இருக்கிறது. உட்கரு இல்லாதது எப்படி ஸ்டெம் செல் ஆகும்? (பி.ஆர்.பி. என்ற அதன் சொந்தப் பெயரில் விற்றால் விலை குறைந்துவிடும் போல.) அந்த ஊசிக்குச் சிலருக்குக் கொஞ்சம் பலன் இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, அது தனி விவாதம். பெயரை மாற்றி விற்பது விவாதமே இல்லை. இன்னொரு கூட்டம் சுவிட்சர்லாந்து ஆப்பிளின் ஸ்டெம் செல் என்கிறது. ஆப்பிள் செல் ஆப்பிள் மரத்துக்கே ஆகும். மனிதத் தலையில் அது எப்படி முடியாகும் என்று கேட்டால் பதில் வராது.

உண்மையான ஆராய்ச்சி நடக்கவில்லையா என்றால், நடந்தது, நடக்கிறது. முடி வேரில் ஸ்டெம் செல் எங்கே குடியிருக்கிறது என்பது 1990லேயே கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் இன்டர்சைடெக்ஸ் என்ற நிறுவனம், முடியின் செல்லை ஆய்வகத்தில் பெருக்கித் திருப்பி ஊசி போடும் முயற்சியில் இறங்கி, கரையேறாமல் கைவிட்டது. பணத்துக்கும் படிப்புக்கும் பஞ்சமில்லாதவர்களுக்கே கைகூடாத ஒன்று, முதல் மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு எடுத்தவர்களுக்குக் கைகூடிவிட்டதாம். அதைவிட முக்கியமான செய்தி 2011ல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் காட்சரேலிஸ் குழு, ஒரே ஆளின் வழுக்கைப் பகுதியையும் முடியுள்ள பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வழுக்கைத் தலையிலும் ஸ்டெம் செல் குறையவில்லை! அது அடுத்த கட்ட செல்லாக மாறுவதில்தான் கோளாறு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பம்புசெட்டுதான் ஓடவில்லை. அந்தக் கிணற்றில் மேலும் ஒரு குடம் ஊற்றுவதற்கு லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள்.

"அப்படியானால் வளர்ந்தது என்று சொல்கிறவர்கள்?" என்று கேட்பார்கள். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே திரும்பி வரும். புழுவெட்டு என்று சொல்லப்படும் வட்டச் சொட்டையும் பலருக்குத் தானாகவே நிரம்பும். டெங்கு வந்து எழுந்தவன் பயந்துபோய் எட்டு ஊசிப் பேக்கேஜ் எடுத்திருப்பான். அதே டெங்கு வந்த அவன் தம்பி ஒன்றும் செய்யாமல் இருந்திருப்பான். இரண்டு பேருக்கும் முடி வந்துவிடும், போர்டில் அண்ணன் போட்டோ மட்டும் ஏறும்.

காசோடு போனால்கூடத் தொலைகிறது என்று விடலாம். 2016 மே மாதம் சென்னையில் மருத்துவம் படித்த 22 வயது மாணவர் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் ஒரு நிலையத்தில் முடி நட்டுக்கொண்டார். நடுவிலேயே உடல்நிலை மோசமாகி, வேலூர் கொண்டுபோயும் காப்பாற்ற முடியாமல் இரண்டு நாளில் இறந்துபோனார். விசாரித்தபோது, அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலைய உரிமம் என்று தெரிந்தது. டாக்டராகப் போகிறவருக்கே உள்ளே நடப்பது தெரியவில்லை என்றால், பிளம்பிங் வேலைக்கு கத்தார் போய் வந்தவருக்கு என்ன தெரியும்? 2019ல் மும்பையில் 43 வயது வியாபாரி ஒருவர், ஒரே அமர்வில் 9,500 வேர்கள் வரை நட்டுக்கொண்டு ஒவ்வாமையில் போய்ச்சேர்ந்ததாகச் செய்தி வந்தது. 2025ல் கான்பூரில் ஒரு பொறியாளர் இறந்தார், செய்தவர் பல் டாக்டர் என்பது வழக்கு. மயக்கம், மரப்பு ஊசியின் அளவு, அதிர்ச்சி, கிருமி என்று எந்த அறுவை சிகிச்சைக்கும் உள்ள அபாயம் இதற்கும் உண்டு. "பியூட்டி பார்லர் மாதிரிதான், காலையில் வந்து சாயங்காலம் போகலாம்" என்று சொல்லி விற்பதில்தான் விஷமே இருக்கிறது.

அரசாங்கத்தைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997ல் சட்டம் போட்டது. அதற்கு விதிகள் வந்தது 2018ல். இருபத்தொரு வருடம்! நடுவில் ஒரு மாணவர் செத்தே போய்விட்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில்தான் இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது: முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்கள்தான் செய்ய வேண்டும், பயிலரங்கில் வேடிக்கை பார்த்ததோ யூடியூப் பார்த்ததோ பயிற்சி ஆகாது. யூடியூபைப் பெயர் சொல்லி எழுத வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது என்று அர்த்தம். ஸ்டெம் செல் விஷயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இன்னும் தெளிவு. ரத்த நோய் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு உட்படுகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. ஆக, வழுக்கைக்கு ஸ்டெம் செல் என்று பில் போட்டாலே அது விதிமீறல். மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. போட்டபோது மட்டும் மருத்துவச் சேவைக்கான விலக்கில் முடி மாற்று சிகிச்சை வராது என்று பெயர் குறிப்பிட்டு எழுதத் தெரிந்திருக்கிறது. வரி வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிற கடை, சோதனை போடுகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"அவனவன் தலை, அவனவன் காசு, உனக்கென்ன?" என்ற வாதமும் வரும். நியாயம்தான். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர், தகுதியுள்ள டாக்டரிடம், ஆபத்தைக் கேட்டறிந்து முடி நட்டுக்கொண்டால் யாருக்கும் பேச உரிமையில்லை. ஆனால் அரைகுறை விவரத்தைச் சொல்லி, கூச்சத்தைக் கிளறிவிட்டு, அம்மாவின் வளையலை அடகு வைக்கச் செய்து வாங்கும் சம்மதத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. கூச்சத்தைக் கிளறும் வேலையில் கிளினிக்குகளுக்கு முன்பே சொந்தபந்தம் ஜரூராக இறங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நில் என்று அய்யா வைகுண்டர் சொன்ன சாமித்தோப்பு இங்கேதான் இருக்கிறது. 1967ல் விருதுநகரில் தோற்ற காமராசரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில்தான் ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பியது, 1971லும் அனுப்பியது. அவர் தலையைப் பார்த்து யாரும் "சொட்டையாக்கும்" என்று ஓட்டை மாற்றிப் போடவில்லை. அதே ஜனங்களின் பேரன்கள் தொப்பி போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போகிறார்கள்.

முடி கொட்டுகிறது என்றால் முதலில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கலாம். தைராய்டா, ரத்தசோகையா, காய்ச்சலா, பரம்பரையா என்று அங்கேயே தெரிந்துவிடும். பரம்பரைதான், முடி நட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். வெட்டப்போவது டாக்டரா உதவியாளரா, அவர் படித்தது என்ன, மயக்கம் பார்க்கிறவர் கடைசி வரை இருப்பாரா, மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். பதிவுச் சான்றிதழ் வெளியே தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். அதைக் கொடுப்பது நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். சுவரில் நடிகர் படமும் ஆப்பிள் படமும் மட்டும் தொங்கினால், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிடலாம்.