500 இடங்கள் உண்டு, நேரம் இல்லை

தமிழகத்தின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களை அடுக்கிக் காட்டித்தான் அந்த இடத்தைப் பிடிக்க முடியும். சேர்ந்த பிறகு அந்தச் சான்றிதழ்களைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் வருகைப் பதிவைத்தான். படிப்பையும் விளையாட்டையும் எப்படிச் சமாளிப்பது என்று மாணவருக்கு அறிவுரை சொல்ல ஆள் நிறைய உண்டு. அதற்கான நேரம் அவரிடம் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் அந்த நேரத்தைத் தீர்மானிப்பது கல்லூரிப் பேருந்து. விடிந்தும் விடியாமலும் தாம்பரத்திலோ பூந்தமல்லியிலோ ஏறியாக வேண்டும். கடைசி வகுப்பு முடிந்த கையோடு வண்டி கிளம்பிவிடும். அதை விட்டுப் பயிற்சிக்கு நின்றால், கன்டெய்னர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் நெருக்கும் சாலையில், இருட்டில் ஷேர் ஆட்டோ தேட வேண்டும். மகளை எத்தனை வீடுகள் இதற்கு அனுப்பும்?

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை கட்டாயம். முன் அனுமதியோடு போட்டிக்குப் போனவர்களுக்கு 65 வரை சலுகை உண்டு. பார்க்கத் தாராளம்தான். பருவத்துக்கு 75 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், வகுப்புக்கு வராமல் இருக்கக் கூடியது மொத்தம் 26 நாள். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, தேறினால் அகில இந்தியப் போட்டி, அதற்கு முந்தைய முகாம், ரயிலில் போய்வரும் நாள்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நடுவில் முழங்காலில் லிகமென்ட் கிழிந்தால்? மருத்துவக் காரணத்துக்கும் இதே பத்து சதவீதம்தான். இந்தச் சலுகைகூட வராத நாளைத்தான் மன்னிக்கிறது. விட்டுப்போன பாடத்தை யாரும் திருப்பி நடத்துவதில்லை. பருவத் தேர்வன்று போட்டி வந்தால் அந்தத் தாள் அரியர். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் நிலுவையில் உள்ளவர்களை முதல் சல்லடையிலேயே கழித்துவிடும். தோற்று விழுந்த அரியரா, ஆடப்போய் விழுந்த அரியரா என்று அந்தச் சல்லடைக்குத் தெரியாது.

கிரிக்கெட் வீரர் அஸ்வின் எஸ்எஸ்என் கல்லூரியில் பி.டெக். முடிக்கவில்லையா, சதுரங்க வீரர் ஆனந்த் லயோலாவில் பி.காம். படிக்கவில்லையா என்று கேட்பார்கள். ஜெயித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டில் ஸ்பைக்ஸைக் கழற்றிப் பரணில் போட்டவர்களை யார் எண்ணினார்கள்? எத்தனை பேர் விளையாட்டை வைத்துப் பிழைக்கப் போகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. மிகச் சிலர்தான். அதனால்தான் மற்றவர்களுக்குப் பட்டம் உருப்படியாகக் கைக்கு வர வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும், பட்டம் கேட்கும் பணிக்குப் பதக்கம் மட்டும் போதாது. சலுகை கொடுத்தால் தரம் குறையும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பாலத்துக்குக் கணக்குப் போடுகிறவருக்குக் கருணை மதிப்பெண் தருவதை நானும் ஏற்கமாட்டேன். கேட்பது மதிப்பெண் அல்ல, அதே பாடத்தில் வேறொரு தேதியில் தேர்வு. தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போகும் மாணவர்களுக்கு சிபிஎஸ்இ பொதுத்தேர்வையே அப்படி நடத்தித் தருகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. அங்கே பணம் ஆடும் ஆட்டம் வேறு. ஆனாலும் போட்டிப் பருவத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, பட்டப்படிப்பில் ஆண்டுக்கு இவ்வளவு முடித்திருக்க வேண்டும் என்று அங்கே பயிற்சியாளருக்கும் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். டெல்லித் தமிழ்க் குடும்பத்தின் தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2018, 2022 ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் பெற்றார். இங்கே இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அலுத்துக்கொள்ள, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு உரிமை இல்லை. கல்லூரி மதிலுக்கு அப்பால் ஆலைகள் இரவும் பகலும் ஷிஃப்ட் போட்டு ஓடுகின்றன. ஆட்களை ஏற்றி இறக்க நள்ளிரவிலும் பேருந்து வருகிறது. ஆய்வக வகுப்புக்கு மாலையில் இன்னொரு தொகுதி வைப்பது அதைவிடக் கடினமான வேலையா? தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் வினாத்தாளையும் தேர்வு அட்டவணையையும் தாங்களே தயாரிக்கின்றன. பருவம் தொடங்கும்போதே உடற்கல்வி இயக்குநர் போட்டி அட்டவணையோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறைக்குப் போனால், எந்தத் தாளுக்கு மறுதேதி தேவைப்படும் என்று அன்றைக்கே குறித்துவிடலாம்.